பில் இருக்கு... மாத்திரை எங்கே? முதியோர் இல்லங்களுக்குப் போகும் மருந்துக்கு கணக்கு வைப்பது யார்?

சென்னை:

மெடிக்கல் ஷாப்பில் பில் போட்டாச்சு. மகன் செல்போனிலேயே பணமும் அனுப்பியாச்சு. கவரை வாங்கிக்கிட்டு பையன் பைக்கில் கிளம்பிட்டான். ஆனால் முதியோர் இல்லத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அந்த மருந்து எத்தனை மணிக்குப் போச்சு? யார் கையில் வாங்கினாங்க? பத்து அட்டையும் போச்சா, எட்டுதான் போச்சா? கேட்டுப் பாருங்கள். கடையில் பில்லைக் காட்டுவார்கள். இல்லத்தில் "வந்துச்சே" என்பார்கள். அதற்கு மேல் பெரும்பாலும் பதில் இருக்காது.

தாம்பரம், மேடவாக்கம், ஆவடி, ஈ.சி.ஆர். என்று சென்னையைச் சுற்றி முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. ஆபரேஷன் முடிந்தவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மறதி நோய் வந்தவர்களைக் கூட இப்போது மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு ஷிப்டு வேலைக்குப் போகும் வீட்டில் வேறு வழியும் கிடையாது. கட்டணம் தனி, மருந்து செலவு தனி.

பி.பி., சுகர், தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று ஒருவருக்கு தினம் ஏழு மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். 30 பேர் உள்ள இல்லத்தில் ஒரு நாளைக்கு 210 மாத்திரை. மாதம் 6,300! இத்தனையும் பேப்பர் கவரில், மேலே ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதி வந்து இறங்குகிறது. பல இடங்களில் வாங்கி வைப்பது வாட்ச்மேன்தான். ராத்திரி எட்டு மணிக்கு நர்சு ஷிப்டு மாறும் நேரம் பார்த்து வந்தால் அதுவும் போச்சு. கவர் மேஜை மேலேயே கிடக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் கடைக்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு, தயாரித்த கம்பெனி, பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாவற்றையும் பதிய வேண்டும். ஆஸ்பத்திரிக்கோ நர்சிங் ஹோமுக்கோ மொத்தமாக எச் பட்டியல் மருந்து கொடுத்தால், கையெழுத்துப் போட்ட ஆர்டர் வேண்டும். அந்த ஆர்டரை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்கணும்.

கவனியுங்கள், இதெல்லாம் மருந்து கடையை விட்டுக் கிளம்பும் வரைக்கும்தான். நர்சிங் ஹோம் என்றால் நம்ம ஊரில் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் இருப்பார், நர்சு இருப்பார். முதியோர் இல்லம் அந்த வரிசையில் பெயர் சொல்லப்படவில்லை. அதனால் ஒவ்வொரு பெரியவருக்கும் தனித்தனி சீட்டு, தனித்தனி பில் என்றுதான் போகணும். நடப்பது என்ன? மேனேஜர் போனில் சொல்வார், "போன மாசம் மாதிரியே அனுப்பிடுங்க". நடுவில் டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தால்? சுகர் மாத்திரை ஒன்று மில்லிகிராமா, இரண்டு மில்லிகிராமா என்பது அட்டையில் சின்ன எழுத்து வித்தியாசம்தான். வயசானவருக்கு ராத்திரியில் சுகர் தடாலென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

வெயிலில் வேகும் இன்சுலின்

இன்சுலின் கதை இன்னும் மோசம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கணும் என்று அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கும். கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்து, நாலு வீடு ஐந்து வீடு சுற்றிவிட்டு, கடைசியில் இல்லத்துக்குப் போனால் அந்த மருந்து என்ன ஆகும்? சூட்டில் வீரியம் போன இன்சுலின் வெளியே பார்க்க நல்லதாகவே தெரியலாம். ஊசி போட்டும் சுகர் இறங்கவில்லை என்றால் டோஸைக் கூட்டுவார்கள். மருந்து வந்த வழியில் கெட்டது என்று யாருக்குத் தெரியும்? கிளம்பிய நேரமும் கிடைத்த நேரமும் எழுதியிருந்தால்தானே தெரியும்! ஐஸ் பெட்டி கொடுக்கிறோம் என்கிற கடைக்காரர்களும் உண்டு. சந்தோஷம். ஆனால் ஐஸ் கட்டி மேலேயே நேராக வைத்து இன்சுலின் உறைந்துபோனாலும் அது குப்பைதான்.

தூக்க மாத்திரை மேல் கண்

அல்பிரசோலம், டயஸபம், சோல்பிடெம், வலிக்குக் கொடுக்கும் டிரமடால்... இவையெல்லாம் எச்-1 என்ற தனிப் பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். 2014 மார்ச் 1 முதல் இவற்றை விற்கும் கடை தனி ரிஜிஸ்டர் போட்டு, யாருக்கு எத்தனை என்று எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்கணும்.

போதைக்காக மாத்திரை விற்று சிக்கியவர்கள் பற்றிய செய்தியை நீங்கள் அடிக்கடி படிக்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் இதே மாத்திரைகள் மாசா மாசம் அட்டை அட்டையாக வருகின்றன. வந்தது 30, கொடுத்தது 22 என்றால் மீதி எட்டு எங்கே? பெரியவர் இறந்துபோனால், இல்லை வேறு இல்லத்துக்கு மாறினால் மிச்ச அட்டை எங்கே போகுது? 2010-ல் சென்னையில் காலாவதி மருந்தைப் பொறுக்கியெடுத்து தேதியை மாற்றி மறுபடி விற்ற கும்பல் பிடிபட்டதே, மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தை வேண்டாம் என்று போடுகிற இடத்தில் கணக்கு இல்லாததுதான் அவர்களுக்குக் கிடைத்த வசதி.

இதில் இன்னொரு கொடுமை. ஏதாவது குறைந்தால் முதலில் பிடிபடுவது யார்? எட்டாயிரமோ பத்தாயிரமோ சம்பளம் வாங்கும் ஆயா. இல்லாவிட்டால் டெலிவரி பையன். "நான் முழுசாத்தான் கொடுத்தேன்" என்று அவன் சொன்னால் நிரூபிக்க கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. கடை முதலாளிக்கு பில் இருக்கு, மேனேஜருக்கு பதவி இருக்கு. பையனுக்கு என்ன இருக்கு? பெட்ரோல் செலவை கழித்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறவன் தலையில் மாத்திரை திருட்டும் ஏறுது. வாங்கியவர் கையெழுத்து ஒன்று இருந்தால் அவனும் தப்பிப்பான், ஆயாவும் தப்பிப்பாள்.

அரசாங்கத்தால் முடிஞ்சுது!

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அரசு ஆஸ்பத்திரி மருந்தைப் பாருங்கள். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். மாவட்டக் குடோனிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு என்ன மருந்து, எவ்வளவு போச்சு என்பதை எழுத ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு மாதிரி! மாத்திரை அட்டையிலேயே அரசு மருந்து, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தார்கள். அங்கே தட்டுப்பாடு புகார் வராமல் இல்லை. ஆனால் குடோனை விட்டுப் போன சரக்கு எங்கே இறங்கியது என்று கேட்டால் பார்த்துச் சொல்ல ஒரு புத்தகம் இருக்கு. கட்டணம் வாங்கும் தனியார் இல்லத்தில் அந்த நோட்டுக்கு என்ன பஞ்சம்?

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றாலே முதியோரை வைத்துப் பராமரிக்கும் இடம்தான். அங்கே போதைத் தன்மையுள்ள மருந்து வந்தது, செலவானது, மிச்சம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கணும் என்பது மத்திய அரசு விதி. மாதம் ஒரு முறையாவது பார்மசிஸ்ட் ஒவ்வொருவர் மருந்தையும் சரிபார்க்கணும். நம்ம ஊர் இல்லங்களில் பார்மசிஸ்ட் எட்டிப் பார்த்தாலே அதிசயம்.

கியூஆர் கோடு வந்தாச்சே என்பீர்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் டோலோ, கால்பால், ஷெல்கால் உள்பட அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு கட்டாயம் ஆக்கினார்கள். நல்ல விஷயம். செல்போனில் ஸ்கேன் பண்ணினால் கம்பெனி, பேட்ச், காலாவதி தேதி தெரியும். போலியா என்று பார்க்க உதவும். ஆனால் அந்த அட்டை எந்த இல்லத்தில், யார் தலையணைக்கு அருகில் போய்ச் சேர்ந்தது என்று அது சொல்லாது.

அப்புறம் என்னதான் வழி? கம்ப்யூட்டர், ஆப் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். தேதி, கடையிலிருந்து கிளம்பிய நேரம், வந்த நேரம், யாருக்கு, எந்த மருந்து, எத்தனை, பேட்ச் நம்பர், கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. வாங்கும்போதே எண்ணிப் பார்க்கணும். வாட்ச்மேன் வாங்கக் கூடாது, டூட்டி நர்சு வாங்கணும். ஐந்து நிமிஷம் ஆகும். பையன் அவசரப்படுவான்தான், அடுத்த டெலிவரி காத்திருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை கடைக்காரர் அவனுக்குக் கொடுக்கணும்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ இப்படி ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை போகும்போது ஆப்பிள், பிஸ்கெட்டோடு மருந்து பில்லையும் எடுத்துப் போங்கள். பில்லில் உள்ள பேட்ச் நம்பரும் அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள். தேதியைக் கணக்குப் போட்டால் குறைந்தது தெரிந்துவிடும். காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் மாதக் கடைசி வரை வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் கட்டுவது நீங்கள்.

மருந்தில் சந்தேகம் என்றால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. இல்லத்தில் பெரியவர்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. போன் செய்யக் காசு கிடையாது.