கூண்டில் நடுங்கினால் பொய்யா?

பட்டினப்பாக்கத்தில் வலை இழுக்கிறவர் மீது தண்ணீர் லாரி மோதி, கால் முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் கூண்டு ஏறுகிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்ததும் கை நடுங்குகிறது. பார்வை தரையில். "பாருங்கள், தடுமாறுகிறார்!" என்கிறார் வக்கீல்.

கெட்டிக்கார வக்கீல் முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிப்பாராம். அட, போங்க சார்! பான்ட், டிபாலோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் கணக்குச் சொன்னார்கள். ஒருவரைப் பார்த்து, கேட்டு, அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று ஜனங்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 54 தடவை. காசைச் சுண்டினாலே 50 வருமே!

சாட்சி நடந்துகொள்ளும் விதத்தை நீதிபதி குறித்துக்கொள்ள சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடம் உண்டு. இருக்கட்டும். கோர்ட்டைப் பார்த்திராதவர் நடுங்காமல் என்ன செய்வார்? விவரமுள்ள வக்கீல் அந்த நடுக்கத்தை வைத்து அடுத்த கேள்வியைத்தான் கேட்பார். தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

கேட்க வேண்டியது காலைப் பற்றி. ராஜ்குமார் வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது: இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகலாம், சர்க்கார் குமாஸ்தாவுக்கு வேலை நிலைக்கலாம். அப்படியானால் வலை இழுக்கும் காலுக்கு என்ன விலை? ஊனம் எவ்வளவு என்று டாக்டர் வந்து சொல்லட்டும்; விலையைத் தீர்ப்பாயம் கணிக்கட்டும்.

அடிபட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில், எப்.ஐ.ஆர். நகல் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு பையில் போட்டு வையுங்கள். சட்டைப் பையில் மடித்து வைத்து வியர்வையில் ஊறவிடாதீர்கள்.