வானத்தைத் தமிழிலும் படிப்போம்

மழை வருமா என்று கேட்டால், நம்மில் பலர் உடனே பார்ப்பது கைப்பேசிச் செயலியைத்தான். வானத்தைப் பார்த்தாலும் ‘கருமேகம்’ என்பதற்குமேல் தமிழில் சொல்ல வார்த்தை வருவதில்லை. அறிவியலை ஆங்கிலத்தோடும் தமிழைத் தமிழ் வகுப்போடும் நிறுத்திக்கொண்டதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

லண்டனைச் சேர்ந்த மருந்தாளர் லூக் ஹோவர்ட், 1802ல் முகில்களுக்கு லத்தீனில் பெயர் சூட்டினார். ‘சிரஸ்’ என்றால் சுருள்முடி, ‘குமுலஸ்’ என்றால் குவியல், ‘ஸ்ட்ரேட்டஸ்’ என்றால் படலம். இன்றைய 10 அடிப்படை வகைகள் அந்த முறையிலிருந்து வளர்ந்தவையே. தமிழில் இவை கீற்றுமுகில், திரள்முகில், படைமுகில். லத்தீன் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ்ப் பெயரைக் கேட்டாலே வடிவம் கண்முன் வரும்.

சிங்கப்பூரில் இது வெறும் பொது அறிவன்று. வெயிலில் சூடான ஈரக்காற்று மேலெழுந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி, காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்மீது படிந்து நீர்த்துளிகளாகிறது. திரள்முகில் உருவாகிறது. அது மேலும் வளர்ந்தால் இடியும் மின்னலும் தரும் திரள் கார்முகிலாகும். அதன் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். அத்தகைய முகில்கள் வரிசையாக மேற்கிலிருந்து நகர்ந்து வருவதே ‘சுமத்ரா’ புயல்காற்று. 2024 செப்டம்பர் 17ல் வீசிய காற்று மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியது; மரங்கள் பல சாய்ந்தன. திடலில் விளையாடுவோர் மேற்கு வானம் இருள்வதைக் கவனித்தால், செயலி எச்சரிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

“தேர்வில் இதைத் தமிழில் கேட்கப்போவதில்லையே?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால், தேக்கா சந்தைக்குக் கிளம்பும் என் பாட்டி, “மேற்கே கறுக்குது, குடையை எடு” என்பார். அனுபவம் அவரிடம் இருக்கிறது, அறிவியல் விளக்கம் என்னிடம் இருக்கிறது. இரண்டும் சந்திக்கத் தமிழ்ச் சொல் வேண்டும். படித்ததை வீட்டில் விளக்க முடியாவிட்டால், நம் இருமொழிக் கல்வி பாதியிலேயே நின்றுவிடுகிறது.

தமிழ் வகுப்பின் வாய்மொழிப் பயிற்சியில் வாரம் ஒருமுறை சன்னலுக்கு வெளியே தெரியும் முகிலை விவரிக்கச் சொல்லலாம். அதற்குப் பாடநூல்கூட வேண்டாம்.