கழுகுமலை உம்மகிட்ட பெயிண்ட் கேட்டுச்சாவே?

நமக்கு ஊரு கரிவலம்வந்தநல்லூர். எங்க சாமி பேரே பால்வண்ணநாதர். அதனால வண்ணத்துக்கு நான் விரோதி இல்லை.

"பெரு நாட்டுல வானவில் மலை இருக்கு, நம்ம பக்கம் என்ன இருக்கு?"ன்னு புலம்பின நண்பரை, சங்கரன்கோவில்ல பஸ் மாறி கழுகுமலைக்குக் கூட்டிட்டுப் போனேன். கையும் காலுமாத் தொத்தி உச்சிக்கு ஏறினோம். காலை வெயில் ஏற ஏற பாறை சாம்பல், செம்மண், கருப்புன்னு நிறம் மாறுது. கீழே மழைத்தண்ணி நின்ன குளம் மின்னுது. மனுஷன் வாயே திறக்கலை.

இறங்கும்போதுதான் மத்த கலரெல்லாம் கண்ணுல பட்டுச்சு. நீலப் பெயிண்ட்ல இதயம், வெள்ளையில ரெண்டு பேரு, ஆணியால கீறின இனிஷியல்!

"சமணச் சிற்பங்களுக்கு அடியிலயும் வட்டெழுத்துல பேர் இருக்கே"ன்னு நண்பர் மடக்கினார். இருக்கு. அது சிற்பத்தைச் செய்வித்தவங்க பேரு. இதே மலையை 8-ஆம் நூற்றாண்டுல மேலிருந்து கீழாக் குடைஞ்சு வெட்டுவான் கோயிலை எடுத்தாங்க, பாண்டியர் காலத்துச் சிற்பிகள். அதுல ஒரு விரற்கடை அளவாவது செதுக்கிட்டு அப்புறம் பேர் போடும்வே.

இப்படியே கிறுக்கிக்கிட்டிருந்தா ஒருநாள் வேலி போட்டுப் பூட்டிருவாங்க. அப்புறம் சும்மா பார்த்துட்டு இறங்குறவனுக்கும் அந்தக் குளம் கிடையாது.