சளிதானே என்று விட்டதன் விலை

1960-களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைரஸ் ஆய்வாளர் ஜூன் அல்மேடா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு வைரஸைப் பார்த்தார். சளி பிடித்த பள்ளிச் சிறுவனின் மூக்கிலிருந்து எடுத்தது. உருண்டையைச் சுற்றிலும் ஒளிவட்டம்போல முட்கள். இதேபோன்ற வைரஸ்களை முன்பே கண்டு அவர் எழுதிய கட்டுரையை, இன்ஃப்ளுயன்சா வைரஸின் மோசமான படம் என்று சொல்லி ஆய்விதழ் ஒன்று திருப்பி அனுப்பியிருந்தது. கிளாஸ்கோ பேருந்து ஓட்டுநரின் மகள், 16 வயதில் படிப்பை விட்டவர். அவர் கண்தான் சரியாகப் பார்த்திருந்தது.

1968-இல் இவ்வகை வைரஸுக்குக் ‘கொரோனா’ என்ற பெயர் வந்தது, கவனம் வரவில்லை.

2003-இல் கொரோனா வைரஸ் ஒன்றால் வந்த சார்ஸ் நோய் 774 உயிர்களைப் பறித்தபோதுதான் உலகம் பதறியது. நோய் அடங்கியதும் பணமும் வற்றியது. ஹூஸ்டனில் பீட்டர் ஹோட்டஸ் குழு உருவாக்கிய சார்ஸ் தடுப்பூசி, மனிதர்களிடம் சோதிக்க நிதியில்லாமல் 2016 முதல் உறைபெட்டியில் கிடந்தது. இது மன்னிக்கக்கூடிய சிக்கனம் அல்ல. இன்றும் மனிதருக்குச் சளி தரும் கொரோனா வைரஸ்கள் நான்கு உலவுகின்றன. அவற்றுக்கான ஆய்வு நிதியை அரசுகள் இப்போதே ஒதுக்க வேண்டும்.