சத்தம் கூடினால் பவர் கூடுமா? சைலன்சரை மாற்றும் முன் ஒரு நிமிடம்!

ராத்திரி பதினொன்றரை மணி. தெரு அடங்கிவிட்ட நேரம். முனையில் ஒரு பைக் திரும்புகிறது. 'டப் டப்' என்று வரும் சத்தம் வீட்டு வாசலைத் தாண்டும்போது 'படார்' என்று வெடிக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும் கார்களில் இரண்டு அலற ஆரம்பிக்கின்றன. தூங்க வைக்கவே ஒரு மணி நேரம் ஆன குழந்தை எழுந்துவிடுகிறது. யாரோ பால்கனிக்கு வந்து திட்டுவதற்குள் பைக் மெயின் ரோட்டுக்குப் போயிருக்கும்.

அதை ஓட்டிப் போனவர் வில்லன் எல்லாம் இல்லை. பெரும்பாலும் ஆபீஸில் நம் பக்கத்து சீட்டில் இருப்பவர்தான். இஎம்ஐ போட்டு ஆசையாக ஒரு 350 சிசி வண்டி வாங்கியிருப்பார். 'ஸ்டாக் சைலன்சர் ரொம்ப சைவமா இருக்கே' என்று யாரோ கொளுத்திப் போட்டிருப்பார்கள். கடையில் போய் நின்றால், "சைலன்சர், ஏர் ஃபில்டர் ரெண்டையும் மாத்திட்டா வண்டி சும்மா பறக்கும் ப்ரோ" என்பார்கள்.

பறக்குமா? கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் என்பது ஒருவகையில் மூச்சு விடும் மெஷின். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தாராளமாக இருந்தால் அதிக காற்று, அதிக எரிபொருள், அதிக பவர். லாஜிக் சரிதான். ஆனால் சைலன்சர் குழாய் வெறும் புகைபோக்கி இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியாக ஓடுகிறது. குழாயின் விட்டம் பெரிதாகும் இடத்தில் அது எதிர் அலையாகத் திரும்பி வருகிறது. அந்த அலை சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையையும் உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். குழாயின் நீளமும் விட்டமும் எந்த ஆர்பிஎம்மில் இந்த உதவி கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தவை. கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று அகலமான குழாயை மாட்டினால் மேல் ஆர்பிஎம்மில் துளி லாபம் வரலாம். சிக்னலில் இருந்து கிளம்பும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையலாம். சென்னை டிராஃபிக்கில் நாம் எந்த ஆர்பிஎம்மில் வாழ்கிறோம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பெட்ரோல் கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றை மட்டும் கூட்டிவிட்டு பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை 'லீன்' ஆகும்; இன்ஜின் சூடாகும், த்ராட்டில் கொடுக்கும்போது திணறும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மெயின் ஜெட்டை மாற்றிச் சமாளிப்பார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்த பிறகு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியுவே பெட்ரோலை அளக்கிறது. ஒரே சீராக ஓடும்போது கலவையை அது கம்பெனி அளவுக்கே இழுத்து வைத்துக்கொள்ளும். முழு த்ராட்டிலில் மனப்பாடம் செய்த அட்டவணையைப் பின்பற்றும். அந்த அட்டவணையில் உங்கள் புது சைலன்சர் கிடையாது.

த்ராட்டிலை விடும்போது வருகிற அந்த 'பட் பட்' சத்தம் இருக்கிறதே, ரீல்ஸில் ஹார்ட்டின் பறப்பதே அதற்குத்தான். எரியாமல் தப்பித்த பெட்ரோல் சூடான குழாயில் காற்றைச் சந்தித்து வெடிப்பது அது. அதாவது, காசு கொடுத்துப் போட்ட பெட்ரோல் இன்ஜினுக்கு வெளியே எரிகிறது!

இப்போது கணக்குக்கு வருவோம். புது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் பவர் 20.2 பிஎச்பி. எடை 195 கிலோ. சைலன்சர் மாற்றி ஒரு முழு பிஎச்பி கூடியது என்றே வைத்துக்கொள்வோம். அது 5 சதவீதம். 70 கிலோ ஆள் ஏறினால் மொத்தம் 265 கிலோ. அதில் 5 சதவீதம் 13 கிலோ. ஆக, பல ஆயிரம் செலவழித்து வாங்கிய பிக்கப்பை, சைடு பெட்டியையும் கிராஷ் கார்டையும் கழற்றி வைத்தாலே கிட்டத்தட்ட பிடித்துவிடலாம். பிறகு ஏன் வண்டி வேகமாகிவிட்டது போலத் தோன்றுகிறது? காது சொல்வதை மனசு நம்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த 'சைலன்சர், ஃபில்டர், ட்யூனிங்' காம்போ பெரிதாக வளர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் ஏடிவி உலகம். மணல்மேட்டிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டும் நான்கு சக்கர வண்டிகள் அவை. மூன்றையும் சேர்த்து மாற்றி, டைனோவில் ஏற்றி அளந்து பார்ப்பவர்கள் அங்கே உண்டு. அங்கேயும் கலிஃபோர்னியாவில் 1986-க்குப் பிறகு வந்த ஆஃப் ரோடு வண்டிகளுக்கு 96 டெசிபல் உச்சவரம்பு இருக்கிறது. நாம் மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்து, மணல்மேட்டுக்குப் பதிலாக மடிப்பாக்கத்தில் ஓட்டுகிறோம்.

ஏர் ஃபில்டர் விஷயம் இன்னும் சிக்கல். ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு வெளியே தெரிகிற மாதிரி கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்கள். காற்று எளிதாக வரும், கூடவே தூசியும். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டுப் புழுதியில் இருக்கும் மணல் துகள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரம் போல ராவிவிடும். நவம்பரில் வேளச்சேரித் தண்ணீரில் இறங்கினால் அந்தக் கூம்பு நேராகத் தண்ணீரைக் குடிக்கும். கம்பெனிக்காரர் அதை மூடிய பெட்டிக்குள் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, பாஸ்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத பாகத்தைப் பொருத்தினால் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஒலி, புகை வரம்பை மீறினால் 190(2): முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸ் 3 மாதத்துக்குப் போகும்.

175 சிசிக்கு மேற்பட்ட பைக் தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. 'இருபதுதானே கூடுது' என்று நினைக்க வேண்டாம். டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ஓஎம்ஆர் டிராஃபிக்கில் ஒரு சிக்னலுக்கே அது சரியாகிவிடும். அந்தக் காது பக்கத்து வீட்டுக்காரருடையது மட்டும் இல்லை, உங்களுடையதும்தான்.

'சத்தம் இருந்தாதான் கார்காரன் ஒதுங்குறான்' என்பார்கள். குழாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. முன்னால் போகும் கார்காரர் கண்ணாடியை ஏற்றி ஏசியில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கேட்கும்போது நீங்கள் ஏற்கெனவே அவர் பக்கத்தில் இருப்பீர்கள். ஹாரன் எதற்கு இருக்கிறது?

ஆனால், எல்லாப் பழியையும் பைக் ஓட்டும் பையன் தலையில் போடுவதும் நியாயமில்லை. பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வாரம் அதே மாடல் ஆன்லைனில் தள்ளுபடி விலையில், வீட்டு வாசலுக்கே டெலிவரி. கடையில் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று தொங்குகிறது. 'ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை' என்று பில்லில் ஒரு வரிகூட அச்சடிக்காமல் விற்க விட்டுவிட்டு, வாங்கியவனை மட்டும் சிக்னலில் மடக்குவது பாதி வேலைதான். சோதனை கவுன்டரில் தொடங்க வேண்டும். சட்டத்தில் டெசிபல் எழுதியிருப்பதால், மடக்கும் போலீஸ் கையில் டெசிபல் மீட்டரும் இருக்க வேண்டும்.

பிக்கப்தான் பிரச்சினை என்றால் முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், டயர் காற்றைப் பாருங்கள், செயினுக்கு ஆயில் விடுங்கள், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஏற்கெனவே மாற்றியவர்களுக்கு: பரணில் கிடக்கும் ஸ்டாக் சைலன்சரைத் திரும்ப மாட்ட மெக்கானிக்குக்கு அதிக நேரம் ஆகாது. கேஸ்கெட்டை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பழையதையே போட்டால் மூட்டில் புகை கசியும், அந்த 'பட் பட்' திரும்ப வந்துவிடும்.