வழி சொல்பவர் யார்?

இணைய வங்கிச் சேவையின் கடவுச்சொல்லைக் காப்பது குறித்து வங்கிகள் ஓயாமல் எழுதி வருகின்றன. அக்கடவுச்சொல்லை இடவேண்டிய பக்கத்துக்குக் கணினியை அழைத்துச் செல்பவர் யார் என்பது குறித்து அதிகம் எழுதப்படுவதில்லை. வங்கி அலுவலர்களாகிய நாங்கள் இதனை ஒரு குறையாகவே கருதுகிறோம்.

வலைத்தளத்தின் பெயரை நாம் எழுத்துகளில் தருகிறோம்; கணினிக்கு வேண்டியதோ எண்களாலான முகவரி. பெயருக்குரிய எண்ணைத் தேடிச் சொல்வது டி.என்.எஸ். சர்வர். ஊருக்குப் புதியவர் தெருமுனைக் கடையில் வழி கேட்பது போன்றது இது. பெரும்பாலான வீடுகளில் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் சர்வரே ரௌட்டர் வழியாகத் தானாக அமைந்துவிடுகிறது. யாரிடம் வழி கேட்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

வழி சொல்பவர் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்னும் தீநிரல் காட்டியது. உலகெங்கும் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளில் அது புகுந்து, மோசடிக் கும்பலின் சர்வர்களைக் கேட்கும்படி அவற்றை மாற்றியது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அதனை முறியடித்தது. அக்கும்பல் குறிவைத்தது விளம்பர வருவாயை. இதே உத்தியால் போலி வங்கிப் பக்கத்துக்கும் அழைத்துச் செல்லலாம். அப்போது உலாவி பெரும்பாலும் எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காமல் ‘தொடர்க’ என அழுத்துவோர் எத்தனை பேர் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

ஆகவே வீட்டுக் கணினிக்கான சர்வரை நாமே தேர்ந்தெடுப்பது நன்று என்கிறோம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்நைனின் 9.9.9.9 ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வங்கிப் பணிக்கு எங்கள் தேர்வு குவாட்நைன். தீங்கானவை என அறியப்பட்ட தளங்களின் பெயர்களுக்கு அது முகவரி தர மறுக்கிறது. வேகம் பன்மடங்காகும் என்ற ஆசையில் மாற்றுவோர் ஏமாற்றமே அடைவர். நம் தேடல்களை ஒருவரிடமிருந்து மறைத்து மற்றொருவரிடம் ஒப்படைக்கிறோம் என்பதும் உண்மையே.

விண்டோஸ் 11 கணினியில் ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘வைஃபை’, ‘ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ்’ எனச் சென்று, ‘டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட்’ அருகிலுள்ள ‘எடிட்’டை அழுத்தி, ‘மேனுவல்’ எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐ.பி.வி.4 பகுதியில் முதல் எண்ணாக 9.9.9.9, மாற்று எண்ணாக 149.112.112.112 ஆகியவற்றை இடலாம். இரண்டும் ஒரே நிறுவனத்துடையவையாக இருத்தல் அவசியம். முதலில் குவாட்நைன், மாற்றாகக் கூகுள் எனக் கலந்தால், முன்னது மறுத்த முகவரியைப் பின்னது சொல்லிவிடக்கூடும். இணைப்பில் ஐ.பி.வி.6 இருந்தால் அதற்குரிய எண்களையும் இடவேண்டும். பிடிக்காவிடில் ‘ஆட்டோமேட்டிக்’ எனத் திருப்பினால் பழைய நிலை வந்துவிடும்.

இதைவிட முக்கியமானது ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். பல வீடுகளில் அது வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. அதை அறிந்தவர் ரௌட்டரில் எண்ணை மாற்றினால், வீட்டிலுள்ள கைபேசிகள் உட்பட அனைத்தும் வழிமாறும். தொலைபேசியில் அழைத்து, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, ‘இந்த எண்ணை இடுங்கள்’ என எவரேனும் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வங்கி ஊழியர் எவருக்கும் அப்படியொரு பணி இல்லை.

இன்று காலை தொடங்கப்பட்ட போலித் தளத்தை எந்த சர்வரும் உடனே அறியாது. அதற்கு நம் கண்ணே காவல். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி 2025 அக்டோபர் 31க்குள் இந்திய வங்கிகள் தம் வலைத்தளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் பெயர்களுக்கு மாற்றவேண்டியிருந்தது. அப்பெயர் வங்கிகளுக்கு மட்டுமே தரப்படுவது. முதல் சாய்கோட்டுக்கு முன் அது இருக்கிறதா எனப் பாருங்கள். நடுவில் எங்கோ இருப்பது போதாது.

வீட்டில் இருப்பது அலுவலகம் அளித்த கணினியாயின் எண்களைத் தொடவேண்டாம். அலுவலகத்தின் உள்தளங்களுக்கான வழி பெரும்பாலும் அதன் சொந்த சர்வருக்கு மட்டுமே தெரியும்.