விற்ற கடையே பழைய ஆயிலைத் திரும்ப வாங்கட்டும்

ஈரோட்டில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். என் பழைய வேகன்-ஆர் காருக்கு இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் நானேதான் மாற்றுகிறேன். "ஏனுங்க டீச்சர், தெருவுக்கு ரெண்டு பட்டறை இருக்கிற ஊர்ல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். அக்கறையோடு கேட்கிற கேள்விதான். கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஆனால், கற்றுக்கொண்டவர் கையில் கடைசியில் மிஞ்சும் மூன்று லிட்டர் கறுப்பு எண்ணெயை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதற்கு நம் ஊரில் ஒழுங்கான பதில் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டு வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். காலையில் ஆயில் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டார். ஆயில் மாற்றுகிற நாளில் கிளீனர் அண்ணனோடு நானும் போய் நிற்பேன். இறங்குகிற எண்ணெயை இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, பொடி உறுத்துகிறதா என்று கவனிப்பார். மோந்தும் பார்ப்பார். பெட்ரோலோ டீசலோ ஆயிலில் கலந்திருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். வண்டி தன் உடல்நிலையை அவரிடம் சொல்லிவிடும். இன்று எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்துக் கார் வாங்குகிறவர்கள் பலர் பானெட்டைத் திறப்பதே இல்லை. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்த பிறகுதான் பதறுகிறார்கள். அந்த விளக்கு காட்டுவது அழுத்தம் விழுந்துவிட்டதை. அதைப் பார்த்த பிறகும் ஓட்டினால் பேரிங் தேய்ந்து, இன்ஜினையே இறக்க வேண்டிவரும்.

ஆயில் செய்வது வழுக்க வைக்கிற வேலை மட்டும் இல்லை. பிஸ்டனின் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே வருகிறது. எரிபொருள் எரிந்ததால் வரும் கரியையும் அமிலத்தையும் சுமக்கிறது. உலோகப் பொடியை ஃபில்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாளாக ஆக, அதில் கலந்திருக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோகின்றன. என் காருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது கையேடு. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று பலர் ஆண்டுக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், பள்ளியிலிருந்து சந்தைக்கு இரண்டு என்று ஓடும் காருக்குத்தான் ஆண்டுக் கணக்கு முக்கியம். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுவதால், உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன.

வேலை கடினமானதல்ல. ஆனால் ஓர் இடத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்கிறேன். காரோடு கொடுக்கிற ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். நான் சமதளமான சிமென்ட் தரையில் எஃகு ரேம்ப் இரண்டைப் போட்டு முன்சக்கரங்களை ஏற்றி, முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கிறேன். பிறகு காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்ப்பேன். அசையாவிட்டால்தான் அடியில் போவது.

இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகிவிடும். கொதிக்கக் கொதிக்க இறக்கக் கூடாது, கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்து, கீழே அகலமான தட்டை வைத்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் ட்ரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையுறை போட்ட விரலால் கழற்ற வேண்டும். முதலில் பீய்ச்சியடிக்கும், பிறகு நூலாக இழையும், பிறகு சொட்டும். சொட்டு நிற்கும்வரை அவசரப்படாதீர்கள். பட்டறையில் கிடைக்காதது அந்தப் பொறுமைதான். அடுத்த வண்டி வாசலில் நிற்கும்போது, சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு ஏது நேரம்?

ஃபில்டரைக் கழற்றினால் அதிலிருந்தும் ஆயில் வழியும். பனியன் வேஸ்ட் தயாராக இருக்கட்டும். பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேலேயே புதிய ஃபில்டரைப் பூட்டினால் வண்டி ஓடும்போது அழுத்தம் தாங்காமல் ஆயில் முழுவதும் வெளியே போய்விடும். புதிய வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அதற்கு ஸ்பேனர் வேண்டாம். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். அதையும் பலம் முழுவதையும் காட்டி முறுக்கக் கூடாது. சம்ப்பில் மரை போய்விட்டால் அந்தச் செலவு தனி. பிறகு ஆயிலைக் கொஞ்சம் குறைத்தே ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா, கீழே கசிகிறதா என்று பார்த்து, சமதளத்தில் சற்று நேரம் விட்டு, ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றலாம்.

எந்த ஆயில் என்பதில் என் பட்டறைத் தம்பியோடு எனக்கு எப்போதும் வாதம். "நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க டீச்சர், இதென்ன தண்ணியாட்ட இருக்குது" என்பார். அன்பானவர், கைத்தொழில் தெரிந்தவர். ஆனாலும் இதில் அவர் சொல்வது சரியில்லை. ஓடுகிற இன்ஜினுக்குள் ஆயிலின் சூடு ஏறக்குறைய நூறு டிகிரி. வெளியே ஈரோட்டு வெயில் நாற்பது டிகிரி என்றாலும், மார்கழிக் காலை இருபது டிகிரி என்றாலும், தெர்மோஸ்டாட் இன்ஜினை ஒரே சூட்டுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. கடைசியில் இருக்கும் 30, 50 என்ற எண்கள் அந்த நூறு டிகிரியில் ஆயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் குறிப்பவை. 30 ரக ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 50 ரகம் 16.3 முதல் 21.9 வரை. என் இன்ஜினின் துளைகளும் இடைவெளிகளும் மெல்லிய ஆயிலுக்கென்று கடைந்தவை. கையேடு 5டபிள்யூ-30 என்றால் அதுதான். டப்பாவின் மேல் ஏ.பி.ஐ. வட்ட முத்திரைக்குள் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். எஸ்.என். 2010-இல் வந்த தரம், எஸ்.பி. 2020-இல் வந்தது.

பணம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம். என்ன ஊற்றினோம், என்ன மாற்றினோம் என்பது உறுதியாகத் தெரிகிறதே, அதுதான் பெரிது. ஃபில்டர் பூட்டும்போது அதன் மேல் மாதத்தையும் ஆண்டையும் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுவது என் வழக்கம். பொதுத்தேர்வு வேலை நெருக்கிய ஓராண்டு, காரை வெளியே சர்வீஸுக்கு விட்டேன். ஃபில்டருக்கும் சேர்த்து பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், போன ஆண்டு நான் எழுதிய எழுத்து அப்படியே இருந்தது. திரும்பப் போய்க் காட்டியதும் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். எழுதி வைக்காத மற்றவர்கள் எதைக் காட்டிக் கேட்பார்கள்?

புதுக் கார் வைத்திருப்பவர்கள் வாரன்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். அந்தப் பதிவு பின்னால் தேவைப்படும். அதன்பிறகு கார் முழுக்க முழுக்க உங்களுடையது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் கைபேசி, வேளாண் கருவிகளோடு வாகனங்களையும் சேர்த்தே பேசுகிறது. உரிமை இருக்கிறது. அதோடு வரும் பொறுப்புக்கு வழி எங்கே?

தட்டில் நிற்கும் மூன்று லிட்டரைப் பற்றிச் சொல்கிறேன். வேஸ்ட் ஆயில் என்றால் நம் பக்கத்தில் அதற்கு ஆயிரம் வேலை இருக்கிறது. கரையானுக்கு வேலிக்காலில் பூசுவார்கள். சென்ட்ரிங் பலகையில் தடவுவார்கள். மாட்டுப் புண்ணுக்கும் போடுவார்கள். எதுவும் இல்லையென்றால் சாக்கடை. புது ஆயிலில் பெரிதாக இல்லாத பலவளைய ஹைட்ரோகார்பன்கள் ஓடித் தேய்ந்த ஆயிலில் சேர்ந்துவிடுகின்றன. அவற்றில் சில புற்றுநோயைத் தூண்டுபவை. தேய்ந்த உலோகங்களும் உண்டு. ஒரு முறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஈரோட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பெரும்பள்ளம் ஓடைக்கு, பிறகு காவிரிக்கு. சாயக் கழிவாலும் தோல் கழிவாலும் காலிங்கராயன் வாய்க்கால் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

இத்தனைக்கும் அந்தக் கறுப்பு எண்ணெய் செத்துப்போன பொருள் அல்ல. கெட்டது அதன் சேர்மானங்கள்தாம். நீரைப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, சுத்திகரித்தால் அடிப்படை எண்ணெய் மறுபடி கிடைக்கிறது. அதிலிருந்து திரும்பவும் இன்ஜின் ஆயில் செய்யலாம்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவு என்றே சொல்கின்றன. 2023 செப்டம்பரில் அவற்றைத் திருத்தி, ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களுமே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்று கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆலைகளும் பெரிய பணிமனைகளும் இந்த வளையத்துக்குள் வர முடியும். வீட்டு வாசலில் ஒரு டப்பாவோடு நிற்கும் நானும், முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று நாள் முழுக்க இரு சக்கர வண்டிகளின் ஆயிலை இறக்கும் தெருமுனைப் பட்டறைத் தம்பியும் எங்கே வருகிறோம்? அதே 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் வீடுகளின் அபாயக் கழிவை வாங்க இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்துக் குப்பி, டியூப் லைட், காலாவதி மருந்து என்று பெயர் சொல்லி அடுக்கிய அந்த விதியில், வண்டி ஆயில் பெயர் சொல்லப்படவில்லை.

ஜெர்மனியில் இன்ஜின் ஆயில் விற்கும் கடை, விற்ற அளவுக்குப் பழைய எண்ணெயைக் கட்டணமின்றித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கலிஃபோர்னியாவில் பொதுமக்கள் கொண்டுவரும் பழைய எண்ணெய்க்குக் காலனுக்கு 40 சென்ட் ஊக்கத்தொகை உண்டு. நமக்கு இதற்காகப் புதிதாக ஓர் அமைப்பைக் கட்ட வேண்டியதில்லை. ஆயில் டப்பா விற்கும் பெட்ரோல் பங்க்குகள் ஊர்தோறும் இருக்கின்றன. பெரும்பாலானவை பொதுத்துறை நிறுவனங்களுடையவை. அந்த நிறுவனங்களே ஆயிலும் தயாரிக்கின்றன, பொறுப்பும் சட்டப்படி அவர்கள்மேல் இருக்கிறது. எரிபொருளைப் பத்திரமாகக் கையாளப் பழகியவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். மூடி போட்ட ஒரு பேரல், கொண்டுவந்த அளவை எழுத ஒரு நோட்டு, நிறைந்ததும் எடுத்துப்போகப் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரின் வண்டி. இவ்வளவுதான் தேவை.

அதுவரை நான் செய்வதைச் சொல்கிறேன். பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி, இறுக மூடி, எனக்குத் தெரிந்த லாரி கம்பெனி ஒன்றின் பணிமனையில் கொடுக்கிறேன். பதிவு பெற்ற நிறுவனம் எடுத்துப்போகும் ரசீதை அவர்கள் காட்டிய பிறகே கொடுக்கத் தொடங்கினேன். தண்ணீர், கூலன்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தால் சுத்திகரிக்கிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஃபில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, அதில் சேர்வதையும் டப்பாவில் ஊற்றுகிறேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிடுங்கள். முழு டப்பாவாகப் பழைய கடைக்குப் போனால், கலப்பட ஆயிலை நிரப்பி மறுபடி நம்மிடமே விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் பங்க்குகளிலாவது இந்த நிதியாண்டுக்குள் அந்தப் பேரலை வைக்க வேண்டும். ஈரோட்டிலேயே தொடங்கலாம். நீங்கள் அடுத்த முறை ஆயில் வாங்கும்போது, "பழையதைத் திரும்ப எடுத்துப்பீங்களா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லை என்றால், மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் போட்டிருக்கிறேன்.